வரியாய்ப் போனது இசையாய் வந்தது

திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் கிடங்கில், சங்க காலத்தில் ஓய்மா நாட்டின் புகழ்மிக்க ஊர்களுள் ஒன்று. அந்நாட்டை ஆண்டவன் நல்லியக்கோடன். அவனைப் பாடிய நூல், நல்லூர் நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படை. 269 அடிகள் கொண்ட அந்நூலின் தலைவன் மன்னன். ஆயினும் அந்நூலுக்குப் பெயர் தந்தவன் மன்னன் அல்லன், கையில் சீறியாழ் ஏந்தி வறுமையோடு வழிநடந்த பாணன். குடிகளிடம் இறை பெற்ற மன்னன், அதில் ஒரு பங்கை உணவாகவும் உடையாகவும் தேராகவும் யாழிசைத்தவனுக்குத் திருப்பிக் கொடுத்தான். வரியாய்ச் சென்றது இசைக்கு வாழ்வாய்த் திரும்பிற்று.

இன்று மன்னன் இல்லை. வரி உண்டு. மாதச் சம்பளக்காரர் கையில் பணம் சேருமுன்னரே அது பிடித்தம் செய்யப்பட்டு விடுகிறது. அப்படிப் போன பணத்தில் ஒரு பகுதி சென்ற ஆண்டு நம்மிடமே திரும்பி வந்தது. அதைக் கொண்டு புதிய ஆர்மோனியம் ஒன்று வாங்கித் தமிழ்த்துறையில் வைத்தோம். சிலர் மகிழ்ந்தனர், சிலர் முகம் சுளித்தனர், வேறு சிலர் நம் இல்லத்திற்கே வந்து விளக்கம் கேட்டனர். கேட்டவர்கள் நம்மை நேசிப்பவர்கள். ஆதலின் அவர்களுக்கு உரிய விடையை இம்மலரின் வாயிலாகப் பதிவு செய்வது நம் கடமை என்று கருதுகிறோம்.

திரும்பிய பணம் யாருடையது?

முதலில் ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். வரித்துறையிடமிருந்து பணம் திரும்பி வந்தால் அதனை எதிர்பாராத புதையலாகவே பலரும் எண்ணுகின்றனர். 'வந்தது போகட்டும்' என்று அன்றைக்கே செலவிடுவோரும் உளர். உண்மை அதுவன்று. நமக்கு வரவேண்டிய நிலுவைச் சம்பளம் ஒரே தவணையில் வந்தது. அவ்வாண்டின் வருமானம் உயர்ந்ததால் வரியும் உயர்ந்தது. பல ஆண்டுகளுக்கு உரிய ஊதியம் ஓராண்டில் சேர்ந்து வந்தால், அதனை உரிய ஆண்டுகளுக்குப் பகிர்ந்து கணக்கிட்டு நிவாரணம் பெறுவதற்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 89ஆம் பிரிவு வழிவகுத்தது. உரிய படிவத்தை நிரப்பி, ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்தோம். செப்டம்பரில் பணம் வங்கிக் கணக்கிற்கு வந்து சேர்ந்தது. அசல் 21,600 ரூபாய். அதன்மேல் மாதத்திற்கு அரை விழுக்காடாக ஆறு மாதத்திற்கு வட்டி 648 ரூபாய். ஆக மொத்தம் 22,248 ரூபாய்.

அந்த 21,600 ரூபாய் புதையல் அன்று; நாம் வகுப்பறையில் நின்று உழைத்த கூலி, வழியில் சற்றுத் தங்கி வந்த கூலி. கூலி எனில் அதற்குக் கணக்கு உண்டு. 'எப்படி ஈட்டினாய்?' என்ற வினா உள்ளதைப் போலவே 'எப்படிச் செலவிட்டாய்?' என்ற வினாவும் உண்டு என்பது நம் நம்பிக்கை. வட்டியாய் வந்த 648 ரூபாயை நம் செலவில் சேர்க்க மனம் ஒப்பவில்லை. நன்மையை எதிர்பாராமல் எளியோர்க்குக் கொடுத்து விடுமாறு மார்க்கம் அறிந்த பெரியவர்கள் சொல்வதுண்டு, அவ்வாறே செய்தோம். எஞ்சியதை ஆண்டுதோறும் பார்க்கும் ஜகாத் கணக்கிலும் சேர்த்துக்கொண்டோம். அதன் பின்னரே செலவு பற்றிய எண்ணம் எழுந்தது.

ஒரு மாணவனும் ஒரு பழைய பெட்டியும்

எண்ணத்தை எழுப்பியவன் ஒரு மாணவன். திண்டிவனத்தை அடுத்த சிற்றூரிலிருந்து வருபவன்; தெருக்கூத்துக் குடும்பத்தில் பிறந்தவன். அவனுடைய பாட்டனார் ஆர்மோனியக்காரர். இரவு முழுதும் கூத்து நடக்க, விடியும்வரை அவர் விரல்கள் ஓயாமல் ஓடியிருக்கின்றன. மிருதங்கமும் முகவீணையும் தாளமும் ஆர்மோனியமும் சேர்ந்தால்தான் நம் பகுதிக் கூத்துக்கு உயிர். பாட்டனார்க்கு முதுமை வந்தது, பெட்டிக்கும் வந்தது. துருத்தி கிழிந்து காற்று ஒழுகியது. ரீடுகள் துருவேறின. நான்கு கட்டைகள் அழுத்தினால் எழும்பாமல் கிடந்தன.

முத்தமிழ் விழாவிற்குக் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் பாடல் ஒன்றைப் பாடுமாறு அவனைப் பணித்திருந்தோம். வாடகைக்கு எடுத்த ஆர்மோனியத்துடன் வந்தான். வாடகையை யார் கொடுத்தது என்று கேட்டோம். முதலில் சொல்லவில்லை, வற்புறுத்தவே, "இந்த வாரம் பஸ்ஸுக்கு வைத்திருந்தது ஐயா" என்றான். விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட சாலையில் ஒரு வாரம் அவன் யார் யாரிடமோ வண்டியில் இடம் கேட்டு வந்திருக்கிறான்.

அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. இருபது ஆண்டுகளாக இயல், இசை, நாடகம் என்று முத்தமிழின் பெயரைச் சொல்லிப் பாடம் நடத்துகிறோம். இயலுக்கு நூலகம் உண்டு. நாடகத்திற்கு மேடை உண்டு. இசைக்கு நம் துறையில் என்ன இருந்தது? சுவரில் மாட்டிய யாழின் படம் ஒன்று இருந்தது. யாழை இழந்ததற்காக வருந்தும் நாம், கைக்கெட்டும் கருவி ஒன்றை வாங்கி வைக்க நினைத்ததுண்டா?

பணம் வந்த செய்தியை இல்லத்தில் சொன்னோம். துணைவியார் நெடுநாளாய்த் துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றைக் கருதியிருந்தார். நம் கருத்தைச் சொன்னதும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஊரார் பிள்ளைக்கு வாங்குவதைத் தடுக்கவில்லை. ஆனால், வாங்கிப் பூட்டி வைப்பதாயிருந்தால் வேண்டாம்; எனக்கு இயந்திரத்தை வாங்கிக் கொடுங்கள்" என்றார். இவ்விவாதத்தில் நாம் கேட்ட சொற்களுள் இதுவே தலையாயது. இக்கட்டுரையின் மையக் கருத்தும் அதுவே.

17,500 ரூபாய்க்குப் புதிய ஆர்மோனியம் வாங்கினோம். 2,600 ரூபாய் அந்தப் பாட்டனாரின் பழைய பெட்டியைச் செப்பனிடச் சென்றது. மீதி 1,500 ரூபாய் இல்லத்தரசியின் கைக்குப் போயிற்று. அது எந்த இயந்திரத்திற்கும் போதாது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

"தம்பி, நம் கல்லூரியிலா ஆர்மோனியம்?" என்று கேட்டார் ஊர்ப் பெரியவர் ஒருவர். நம் தந்தையாருக்கு நண்பர். ஐவேளைத் தொழுகையில் முதல் வரிசையில் நிற்பவர். அவருடைய கேள்வியை எள்ளி நகையாடும் உரிமை எவர்க்கும் இல்லை. கம்பிக் கருவிகளையும் துளைக் கருவிகளையும் பெரும்பாலான சட்ட அறிஞர்கள் விலக்கியே வந்துள்ளனர். இதனை மறைத்துவிட்டு வாதிடுவது நேர்மையாகாது.

மறுபக்கமும் உண்டு. பெருநாளன்று அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் இல்லத்தில் சிறுமியர் தஃப் கொட்டிப் பாடியதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை என்பது நபிமொழித் தொகுப்புகள் தரும் செய்தி. இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் இசை கேட்டலுக்கெனத் தனிப் பகுதி ஒன்றை ஒதுக்கி ஆராய்ந்தார். குடிகாரர் கூட்டத்தோடு பிணைந்த கருவிகளை அவர் விலக்கினார். ஆயினும், பாடலின் பொருள் என்ன, கேட்பவர் உள்ளம் எத்தகையது, சூழல் யாது என்பவற்றை வைத்தே இசையைப் பற்றி முடிவு கூறினார். தத்துவ மேதை அல்ஃபாராபி பத்தாம் நூற்றாண்டிலேயே இசையிலக்கணப் பெருநூல் ஒன்றை யாத்தார். அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள இடத்தில் ஒருவர் மற்றவரை இழித்துரைக்காமல் இருப்பதே நம் முன்னோர் காட்டிய பண்பாடு.

நம் தமிழ் மண்ணின் வரலாறும் இதற்குச் சான்று. குணங்குடியார் (1792–1838) பாடல்களைப் பார்த்துப் படிப்பவரைவிடப் பாடிக் கேட்பவரே அவற்றை நன்கு அறிவர். முனாஜாத்து, கிஸ்ஸா, நாமா, மசலா, படைப்போர் என்று இசுலாமியத் தமிழ் ஈன்ற இலக்கிய வகைகள் பலவும் ஓசையோடு ஓதப்பட்டவை. பக்கீர்மார்கள் தாயிரா கொட்டித் தெருத்தெருவாய்ப் பாடியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். நாகூர் ஈ.எம். ஹனிபா (1925–2015) அவர்களின் குரல் ஒலிக்காத முஸ்லிம் தெரு ஒன்று தமிழகத்தில் இருந்ததா? நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானா (1924–1999) அவர்கள் திருவரங்கத்தில் வாழ்ந்து, 1998இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். அவர் வாசித்த நாகசுரம் அவருடைய இறைநம்பிக்கையைக் குறைத்துவிட்டது என்று யார் சொல்ல முடியும்?

எனினும் பெரியவரின் மனத்தை நோகடித்து ஒரு கலையை வளர்க்க நாம் விரும்பவில்லை. பாங்கு ஒலிக்கும் நேரத்திலும் தொழுகை நேரத்திலும் ஆர்மோனியம் திறக்கப்படாது; பள்ளிவாசலுக்கு எதிர்த்திசையில் உள்ள அறையிலேயே இருக்கும்; விருப்பம் இல்லாத மாணவரை எவரும் வற்புறுத்தக் கூடாது. இம்மூன்று கட்டுப்பாடுகளையும் நாமே வகுத்துக்கொண்டோம்.

இது விரயம் அன்றோ?

அடுத்த வினா சிக்கனம் பற்றியது. வீண்விரயத்தைத் திருமறை வன்மையாகக் கண்டிக்கிறது. "ஏழை மாணவர்க்குப் புத்தகம் வாங்கியிருக்கலாமே" என்றார் சக ஆசிரியர் ஒருவர். நல்ல கேள்வி. அதே அளவுகோலை நாம் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோமா என்பதுதான் நம் எதிர்க்கேள்வி. திருமண மண்டபத்து மின்விளக்கு அலங்காரம் ஓரிரவில் அணைகிறது. உண்டது போக எஞ்சிய பிரியாணி விடியற்காலையில் குப்பைக்குப் போகிறது. ஈராண்டுக்கு ஒருமுறை கைப்பேசி மாறுகிறது. இவற்றைப் பற்றி எவரும் நம் வீட்டுக்கு வந்து விளக்கம் கேட்டதில்லை. ஒரு கருவியை வாங்கினால் மட்டும் ஊரே கணக்குப் பிள்ளையாகி விடுகிறது!

நல்ல ஆர்மோனியம் பேணுவார் கையில் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். துருத்தி கிழிந்தால் ஒட்டலாம். ரீடு பழுதானால் மாற்றலாம். சுதி பிசகினால் சீர் செய்யலாம். நாற்பது மாணவர் முறை வைத்துப் பழகினாலும் தேய்ந்து போவதில்லை. நூலகத்து நூலைப் போலவே அதுவும் பொதுச் சொத்து. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பட்டுத்துணி போர்த்தி அலமாரியின்மேல் ஏற்றிவிட்டால், அது விரயத்திலும் பெரிய விரயம். எத்தனை இல்லங்களில் வீணைகள் உறைக்குள் உறங்குகின்றன! எத்தனை பள்ளிகளில் விழாவன்று வாங்கிய முரசுகள் தோல் வெடித்துக் கிடக்கின்றன! வாங்குவது விரயம் அன்று; வாங்கியதை வாசியாமல் விடுவதே விரயம். துணைவியார் சுருங்கச் சொன்னதன் விரிவு இதுவே.

ஆர்மோனியம் தகுமா?

இசையறிந்தோர் வேறொரு தடை எழுப்பினர். ஆர்மோனியம் அயல்நாட்டுப் பெட்டி. நம் இசைக்குரிய கமகங்கள் அதில் வாரா என்றனர். இதுவும் புறக்கணிக்கத் தக்கதன்று. 1840இல் பாரிசு நகரில் அலெக்சாண்டர் தெபென் காப்புரிமை பெற்ற கருவி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ், தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு மறு கையால் வாசிக்கும்படி அதனை மாற்றியமைத்தார். மகாகவி பாரதியார் 'சங்கீத விஷயம்' என்னும் கட்டுரையில் இப்பெட்டியைச் சாடினார். அகில இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கி வைத்தது. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது.

குறை உண்மை. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்கு வழுக்கிச் செல்ல அதனால் இயலாது. ஆயினும் வானொலி விலக்கிய அந்த முப்பது ஆண்டுகளிலும் கூத்துக்காரர் அதனைக் கைவிடவில்லை. காரணம் எளிது. குரு அருகில் இல்லாதபோதும் சுதி தவறாமல் பழக உதவுவது அது. கட்டையை அழுத்தினால் சுரம் நிற்கும். அதனோடு குரல் சேர்ந்தால் போதும். யாப்பிலக்கணத்தில் சீர் பிரிக்கத் திணறும் மாணவன், சிந்துப் பாடலைச் சுதியோடு பாடத் தொடங்கியதும் அசையும் தளையும் காதுக்கே விளங்குவதைக் கண்டோம். கரும்பலகையில் மூன்று நாள் எழுதிப் புரியாத ஒன்று, ஒரு மணி நேரத்தில் புரிந்தது. நாம் வாங்கியது மேடைக்கு அன்று, வகுப்பறைக்கு.

தம் பொருளைத் தமிழிசைக்கு ஈந்த முன்னோர் நமக்கு வழிகாட்டிகள். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) மருத்துவத் தொழிலில் ஈட்டிய பொருளைக் கொண்டு 1912 முதல் இசை மாநாடுகளைக் கூட்டினார்; 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். அவர் கிறித்தவர். விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. அவர் இந்துத் துறவி. இசைத்தமிழ் எவர் ஒருவருடைய சொத்தும் அன்று என்பதற்கு இவர்களைவிடச் சான்று வேண்டுமா? அவர்கள் செய்தது கடல். நாம் செய்தது துளி. ஆனால் துளிக்கும் இடம் உண்டு.

பெரியவர் கேட்ட கேள்வி

ஒரு நாள் மாலை அந்த மாணவன் குணங்குடியார் பாடலைப் பழகிக்கொண்டிருந்தான். தாழ்வாரத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. திரும்பிப் பார்த்தோம், முன்பு வினவிய அதே பெரியவர். உள்ளே வருமாறு அழைத்தோம். வரவில்லை. பாடல் முடியும்வரை நின்றார். பின் பேசாமல் போய்விட்டார். மறுநாள் பள்ளிவாசல் வாயிலில் நம்மைக் கண்டு, "தம்பி, நேற்றுப் பாடியவன் யார் வீட்டுப் பிள்ளை?" என்றார். சொன்னோம். "அந்த மெட்டில்தான் எங்கள் உம்மா முனாஜாத்துப் பாடுவார்கள். எழுபது வருஷம் ஆயிற்று, கேட்டு" என்றார். கண்களைத் துடைத்துக்கொண்டு உள்ளே சென்றார்.

அவருடைய கருத்து மாறிவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. இன்றும் ஆர்மோனியம் கூடாது என்பதே அவர் கொள்கை. அதனை நாம் மதிக்கிறோம். ஆனால் ஒரு கூத்துக் குடும்பத்துச் சிறுவனின் குரலும் ஒரு முஸ்லிம் தாயின் குரலும் ஒரே மெட்டில் சந்தித்ததை அவரும் கேட்டார், நாமும் கண்டோம். பாடநூலில் அச்செழுத்தாய்க் கிடந்தவரை அந்தச் சந்திப்பு நிகழவே இல்லை.

நாம் வேண்டுவது

சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியே தெற்கே செல்லும் பெருஞ்சாலையை ஜி.எஸ்.டி. சாலை என்றே அழைத்துப் பழகிவிட்டோம். 2017இல் அதே பெயரில் வரியும் வந்தது. இருவழியிலும் நம் பணம் போய்க்கொண்டேதான் இருக்கிறது என்று மாணவர்கள் வேடிக்கையாய்ப் பேசுவதுண்டு. அவ்வாண்டில் உள்நாட்டுக் கைவினைஞர் செய்யும் இசைக்கருவிகள் பலவற்றுக்கு அவ்வரியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அரசே விட்டுக்கொடுத்த இடத்தில் நாமும் சிறிது விட்டுக்கொடுக்கலாகாதா? நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்னரே தஞ்சாவூர் வீணைக்கும் கிடைத்தது. குறியீடு கிடைத்தால் மட்டும் தச்சர் வீட்டில் அடுப்பு எரியாது; வாங்குவோர் வேண்டும், வாசிப்போர் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, திரும்பி வரும் பணம் முழுவதையும் தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. குடும்பக் கடமையும் ஜகாத்தும் முந்தியவை. அவை போக எஞ்சியதில் ஒரு பங்கை ஆண்டுக்கு ஒருவர் ஈந்தால் போதும். பத்தாண்டுகளில் நம் துறையில் பத்துக் கருவிகள் இருக்கும். அவற்றுள் தஃப் ஒன்றும் இருக்கட்டும். அதற்குப் பெரியவர்களும் தடை சொல்லமாட்டார்கள்.

மாணவச் செல்வங்களே, துறையில் ஒரு பதிவேடு வைத்துள்ளோம். யார், எந்த நாள், எவ்வளவு நேரம் வாசித்தார் என்று அதில் குறிக்க வேண்டும். தொடர்ந்து முப்பது நாள் எவரும் கையொப்பமிடாவிட்டால், அந்தப் பெட்டியை வாசிப்பவர் உள்ள ஊருக்குக் கொடுத்துவிடுவோம். துணைவியாருக்கு நாம் அளித்த வாக்குறுதி அது. இதை எழுதும் நாள்வரை பதிவேட்டில் ஒரு வாரம்கூட வெறுமையாய் இல்லை.

கிடங்கிலில் இன்று தேர் இல்லை, சீறியாழும் இல்லை. ஆயினும் அவ்வூரை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சிறுவன் நாள்தோறும் பேருந்தில் ஏறி வருகிறான். மாலை நான்கு மணிக்குத் துறையின் கதவைத் திறந்து துருத்தியை விரிக்கிறான். அவன் பாணன் வழிவந்தவனா என்பது நமக்குத் தெரியாது. வழியில் நிற்கும் பாணனுக்கு வாயிலைக் காட்டுவது ஆற்றுப்படை என்றால், அவ்வாயிலைத் திறந்தே வைத்திருப்பது தமிழ் பயிற்றும் நம் அனைவரின் கடமை அல்லவா?